நாடகம் எழுதுதல்: ஆயர்களுக்கு ஓர் அறிமுகம்

திருச்சபைப் பணியில் இறங்கும் ஆயர் எவரும் நாடகம் எழுதும் பொறுப்பினின்று நெடுநாள் தப்பியிருக்க இயலாது. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, அருளுரை ஆயத்தம் செய்யும் முறைகளைப் பயின்று, பட்டம் பெற்று ஒரு சேகரத்திற்குச் சென்றவுடன், அக்டோபர் மாத இறுதியில் வாலிபர் சங்கச் செயலர் வந்து நிற்பார். "ஐயா, கிறிஸ்துமசுக்கு ஒரு நாடகம் வேண்டும், இருபத்தைந்து பேருக்கும் வேடம் இருக்க வேண்டும்" என்பார். தாம் கேட்பது எத்துணைக் கடினமான கலை என்பதை அவர் அறியார். பெரும்பாலும் நாமும் அறியோம். அருளுரை எழுதத் தெரிந்தவனுக்கு நாடகம் எழுதுவது எளிது என்று எண்ணி, இரண்டு இரவுகளில் எழுதி முடித்துவிடுகிறோம்.

நான் எழுதிய முதல் நாடகம் கெட்ட குமாரன் உவமையைப் பற்றியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், கரிசல் நிலத்து ஊர் ஒன்றில், அறுவடைப் பண்டிகை இரவில் ஆலய முற்றத்தில் அது நடிக்கப்பெற்றது. இளைய மகன் தூர தேசத்தில் ஆடிய ஆட்டத்திற்குக் கைதட்டல் பலமாக எழுந்தது. பன்றிகளாக வந்த சிறுவர்களுக்கு அதைவிடப் பலமாக எழுந்தது. பின்பு மகன் திரும்பி வந்தான். தந்தை அவனைத் தழுவிக்கொண்டு மனந்திரும்புதலைக் குறித்துப் பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடங்களுக்காகவே நான் நாடகம் முழுவதையும் எழுதியிருந்தேன் எனலாம். அவர் பேசி முடிப்பதற்குள் தாய்மார்கள் உறங்கிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டனர். மூத்த மகனை நான் எழுதவேயில்லை. நேரம் போதாது என்று எண்ணினேன். விருந்தோடு முடிந்தால் பண்டிகைக்குப் பொருத்தமாக இருக்கும் என்றும் கருதினேன். மறுநாள் காலை, எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணன்காரனை எங்க ஐயரே காணோம்? அவன் இன்னும் காட்டுலயே நிக்கானா?" என்று கேட்டார்.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆயினும் நாடகக் கலையின் அடிப்படை அக்கேள்வியில் அடங்கியிருந்தது என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதனை இங்கே விளக்க முயலுகிறேன்.

செயலும் விருப்பமும்

கிரேக்கர் நாடகத்திற்கு இட்ட 'டிராமா' என்னும் பெயர் 'செய்தல்' என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்தது. அது நிகழ்த்தப்பெறும் இடத்திற்கு அவர்கள் இட்ட 'தேயாட்ரோன்' என்னும் பெயரோ 'காணுதல்' என்பதினின்று வந்தது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் வாசித்தோருக்கு இச்சொற்களின் குடும்பம் புதிதன்று. எபேசு பட்டணத்தார் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிக் கூடிய அரங்கசாலை அந்தத் தேயாட்ரோனே. அப்போஸ்தலர் உலகத்திற்கு வேடிக்கையாயினர் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுமிடத்திலும் அதே சொல் வருகிறது. நம் ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொள்ளும்போது நற்செய்தியாளர் வழங்கும் சொல், 'மாயக்காரர்' என்று நாம் மொழிபெயர்ப்பது, கிரேக்கருக்கு 'நடிகர்' என்னும் பொருளுடையது. தீய நட்பைப் பற்றிப் பவுல் அதே நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் எடுத்தாளும் முதுமொழி மெனாந்தர் என்னும் நகைச்சுவை நாடகாசிரியருடையது என்பர். திருச்சபையின் தொடக்கத்திலேயே நாடகம் இவ்வளவு அருகில் இருந்தது. தெர்த்துல்லியன் முதலிய தந்தையர் அதனை வன்மையாகக் கண்டித்ததும் அவ்வருகாமையினாலேயே போலும்.

நாடகத்தின் உறுப்புகளை முதன்முதல் ஆராய்ந்து வகுத்த அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தமது கவிதையியலில் ஆறு உறுப்புகளைக் கூறுகிறார்: கதைக்கோப்பு, பாத்திரம், கருத்து, சொல்நடை, இசை, காட்சி. இசைக்கு ஐந்தாம் இடம் என்பது தமிழருக்கு வியப்பாகத் தோன்றும். நம் கூத்துகள் பாட்டாலேயே நடந்தவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியபோது, ஊரார் நன்கறிந்த குறவஞ்சி வடிவத்தையே எடுத்து, விசுவாசத்தைக் குறத்தியாக்கிப் பாடவைத்தார். அதுபற்றித் தனியே எழுதவேண்டும். இங்கே நாம் கவனிக்கவேண்டியது முதல் மூன்று உறுப்புகளின் வரிசையையே. கதைக்கோப்பு, அதாவது செயல்களின் அமைப்பு, முதலாவது, பாத்திரம் இரண்டாவது, கருத்து மூன்றாவது. ஆயராகிய நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறோம். முதலில் கருத்தைத் தெரிந்துகொள்கிறோம். பின்பு அதைச் சொல்ல ஆட்களைத் தேடுகிறோம். அவர்கள் மேடையில் ஏதேனும் செய்யவேண்டுமே என்று கடைசியில் நினைக்கிறோம்.

செயல் என்றவுடன் ஓட்டமும் சண்டையும் என்று கொள்ளலாகாது. ஒருவன் ஒன்றை விரும்பி, அதைப் பெறுவதற்காகப் பேசுவதும் மறைப்பதும் கெஞ்சுவதும் காத்திருப்பதும் எல்லாம் செயலே. இதற்கு மிகச் சிறிய சான்று நம் வழிபாட்டு வரலாற்றிலேயே உண்டு. 10ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மடங்களில் உயிர்ப்புத் திருநாளன்று ஒரு சிறு உரையாடல் பாடப்பெற்றது. இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டு 970ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொகுத்த மடத்து ஒழுங்குநூல் அதனை நடிக்கும் முறையையும் கூறுகிறது. வெண்ணாடை தரித்த துறவி ஒருவர் கல்லறையாக அமைக்கப்பெற்ற இடத்தருகே அமைதியாய்ப் போய் அமர்கிறார். வேறு மூவர் தூபகலசங்களை ஏந்தி, எதையோ தேடுவார் போலத் தயங்கித் தயங்கி வருகின்றனர். யாரைத் தேடுகிறீர்கள் என்று அவர் வினவ, அவர்கள் விடை கூற, அவர் இங்கு இல்லை என்கிறார். முழுவதும் சில வரிகளே. ஆனால் அச்சில வரிகளுக்குள் ஒரு விருப்பம் இருக்கிறது: அப்பெண்கள் ஓர் உடலை நாடி வந்தனர். ஒரு தடை இருக்கிறது: உடல் இல்லை. ஒரு திருப்பம் இருக்கிறது: இல்லாமையே நற்செய்தியாகிறது. மேலைநாட்டில் நாடகம் மீண்டும் பிறந்தது இவ்விடத்தில் என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவதற்குக் காரணம் உண்டு.

ஆகையால் நாடகம் எழுத அமரும் மாணவர் முதலில் உரையாடலை எழுதவேண்டா. பாத்திரங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அவர் இந்தக் காட்சியில் யாரிடமிருந்து எதைப் பெற விரும்புகிறார் என்று ஒரே வரியில் எழுதுக. எழுத முடியாவிடின் அப்பாத்திரம் மேடைக்கு வரவேண்டியதில்லை. இருபத்தைந்து வேடம் கேட்ட செயலருக்கு இது வருத்தம் தரும்; மீதிப்பேரைப் பாடகர் குழுவில் நிறுத்தலாம்.

எதிராளிக்கு நீதி

ஒருவரது விருப்பம் மட்டும் நாடகமாகாது. அதை மறுக்கும் இன்னொருவர் வேண்டும்; அவருக்கும் நியாயம் வேண்டும். அருளுரையாளருக்கு மிகக் கடினமாயிருப்பது இவ்விடமே. பிரசங்க பீடத்தில் நாம் ஒருவரே பேசுகிறோம். எதிர்வாதத்தை எழுப்பினாலும் அதை வீழ்த்துவதற்காகவே எழுப்புகிறோம். அப்பழக்கத்தோடு மேடைக்கு வந்தால், நம் நாடகத்தில் குடிகாரன் மூடனாகவும் கந்துவட்டிக்காரன் அரக்கனாகவும் ஏரோது பொம்மையாகவும் ஆகிவிடுகின்றனர். அவர்கள் தோற்பது யாருக்கும் வியப்பாயிராது. ஒருவரையும் தொடவும் செய்யாது.

யோபின் புத்தகத்தை நினைத்துப் பார்க்கலாம். யோபின் நண்பர்கள் பேசுவது மூடத்தனமாயிருந்தால் அந்நூல் பத்து அதிகாரங்களில் முடிந்திருக்கும். அவர்கள் பேசுவது நல்ல இறையியல். எலிப்பாசின் வாக்கியங்களைப் பேசியவர் யார் என்று பாராமல் அருளுரைக்கு வசனமாக எடுத்துக்கொண்ட ஆயர்களை நான் அறிவேன். நானும் ஒருமுறை அவ்வாறு செய்ததுண்டு.

இருபதாம் நூற்றாண்டில் இதனை நன்கு உணர்ந்து எழுதியவர் டி. எஸ். எலியட். 1170 டிசம்பர் 29ஆம் நாள் தம் பேராலயத்திலேயே வெட்டுண்டு இறந்த பேராயர் தாமஸ் பெக்கெட்டைக் குறித்து அவர் எழுதிய 'பேராலயத்தில் கொலை' 1935இல் காண்டர்பரியில், கொலை நடந்த பேராலயத்தைச் சேர்ந்த மன்றத்திலேயே நடிக்கப்பெற்றது. அதில் பேராயரிடம் சோதனைக்காரர் நால்வர் வருகின்றனர். முதல் மூவரும் இன்பத்தையும் பதவியையும் பிரபுக்களின் கூட்டணியையும் காட்டுகின்றனர். அவர்களைப் பேராயர் எளிதில் அனுப்பிவிடுகிறார். எதிர்பாராத நான்காமவன் காட்டுவது இரத்தசாட்சி மரணத்தின் புகழை. பேராயர் தமக்குள் ஏற்கெனவே விரும்பிக்கொண்டிருந்ததையே அவன் எடுத்துச் சொல்கிறான். ஆகவே அவனை வெல்வது கடினமாயிருக்கிறது. கொலை முடிந்தபின், கொன்ற வீரர் நால்வரும் மேடையின் முன்பக்கம் வந்து, செய்யுளை விட்டு அன்றாட உரைநடையில் பார்வையாளரிடமே தங்கள் நியாயத்தை எடுத்துரைக்கின்றனர். அவர்கள் பேச்சில் நியாயமும் இல்லாமலில்லை. கேட்பவர் தலையசைத்துவிட்டுப் பின்பு தம்மையே நொந்துகொள்வார்.

நாடகத்திற்குள் அருளுரையே வரலாகாதா என்று மாணவர் கேட்பதுண்டு. அதே நாடகத்தின் இரு பகுதிகளுக்கும் நடுவே பேராயர் ஆற்றும் கிறிஸ்து பிறப்புத் திருநாள் அருளுரை முழுமையாக வருகிறது. அது சலிப்புத் தராததன் காரணம், பேசுகிறவர் நான்கு நாளில் சாகப்போகிறார் என்பதே. அவர் அதை உணர்ந்திருக்கிறார். பேச்சே அங்கே ஒரு செயலாகிவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றியும் கூறவேண்டும். உயர்ந்த நிலையிலுள்ள ஒருவன் வீழ்வதற்குக் காரணமாக அரிஸ்டாட்டில் கூறுவது 'ஹமார்த்தியா'. புதிய ஏற்பாட்டில் 'பாவம்' என்று நாம் மொழிபெயர்க்கும் சொல் இதுவே. ஆனால் அரிஸ்டாட்டில் கருதியது ஒழுக்கக் கேட்டையா, அறியாமல் நேர்ந்த பிழையையா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். எறிந்த ஈட்டி குறி தவறுதல் என்பதே சொல்லின் பழைய பொருள். தந்தையைக் கொல்வாய் என்று குறி கேட்ட எதிப்புஸ், அப்பழிக்கு அஞ்சித் தான் வளர்ந்த கொரிந்துவை விட்டு ஓடுகிறான். ஓடிய வழியிலேயே, யாரென்று அறியாமல் தந்தையைக் கொல்கிறான். அவனது நல்லெண்ணமே அவனை அங்கே கொண்டுசேர்த்தது. இறையியல் படித்த நாம் இச்சொல்லைக் கண்டவுடன் பாவமும் தண்டனையும் என்று கணக்கெழுதத் தொடங்கினால், நம் நாடகம் தெருமுனையில் வழங்கும் துண்டுப் பிரசுரமாகிவிடும். ஒருவனது சிறப்பே அவனுக்கு இடறலாவதை எழுதமுடியுமானால் பார்ப்பவர் நடுங்குவர்.

எங்கே தொடங்குவது

கதைக்கோப்பின் வளர்ச்சியைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்தாகப் பகுத்து, உழவுத் தொழிலோடு ஒப்பிட்டு விளக்குகிறார். உழுத நிலத்தில் வித்து முளைப்பது முதல், பயிர் வளர்ந்து, கருக்கொண்டு, கதிர் முற்றி, அறுத்து உண்பது வரை. சிற்றூர்ச் சபைகளில் வாலிபருக்கு நாடகம் கற்பிக்கும்போது மேலைநாட்டு நூல்களின் வரைபடங்களைக் காட்டிலும் இவ்வுவமை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. கருப்பம் என்னும் நிலையை அவர்கள் உடனே புரிந்துகொள்வர்: வெளியே பயிர் மாறாமல் நிற்பதுபோல் தோன்றும், உள்ளே எல்லாம் தீர்மானமாகியிருக்கும்.

ஆனால் விதைப்பை மேடையில் காட்டியே தீரவேண்டும் என்பதில்லை. சோபோக்கிளிஸ் தமது எதிப்புஸ் நாடகத்தைக் கொலை, திருமணம், முடிசூட்டு எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறார். தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். மக்கள் அரண்மனை வாயிலில் வந்து அமர்ந்திருக்கின்றனர். பழைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடிப்பேன் என்று எதிப்புஸ் உறுதி கூறுகிறான். ஒரே இடம், ஒரே நாள். கடந்தவையெல்லாம் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒவ்வொரு காரணம் பற்றி வெளிவருகின்றன. கொரிந்துவிலிருந்து வரும் தூதன் அரசனின் அச்சத்தை நீக்கவே பேசுகிறான். அவன் கூறும் ஆறுதலே அரசனை அழிக்கிறது. அரிஸ்டாட்டில் திருப்பத்திற்குக் காட்டும் எடுத்துக்காட்டு இது.

நம் சபை நாடகங்களோ ஆதியாகமத்தில் தொடங்குகின்றன. காபிரியேல் வருமுன் ஏசாயாவும் மீகாவும் வந்து பேசிச் செல்லவேண்டும். இடையே ஏழெட்டுமுறை திரை இழுக்கவேண்டும். திரை ஒருமுறையேனும் பாதிவழியில் சிக்கிக்கொள்ளும்.

உரையாடலைப் பற்றி நீளமாக எழுத விரும்பவில்லை. அது எழுதி எழுதியே கைவரும். ஒன்றுமட்டும் கூறலாம். நாடகமாந்தர் தம் உணர்ச்சியைத் தாமே அறிவிக்கலாகாது. தொல்காப்பியர் நகை, அழுகை முதலிய எட்டினையும் மெய்ப்பாடு என்றார். அவை மெய்யிலே தோன்றுபவை. "என் உள்ளம் துக்கத்தால் நிறைந்திருக்கிறது" என்று நம் மரியாள் கூறும்போது நடிக்கும் சிறுமிக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. 15ஆம் நூற்றாண்டு ஏட்டில் நமக்குக் கிடைத்துள்ள யார்க் நகர மறைநாடகங்களில், ஒவ்வொரு நாடகத்தையும் ஒரு தொழிற்குழுவினர் நடத்தினர். பேழை கட்டுவதைக் கப்பல் தச்சர் நடத்தினர். கடைசி இராவிருந்தை ரொட்டி சுடுவோர் நடத்தினர். சிலுவையில் அறைதலை நடத்தியவர்கள் ஊசியும் ஆணியும் செய்வோர். அந்நாடகத்தில் போர்வீரர் நால்வரும் ஏறத்தாழ முழுநேரமும் தங்கள் வேலையைப் பற்றியே பேசுகின்றனர். துளை சரியான இடத்தில் இடப்படவில்லை, கயிறு போட்டு இழுக்கவேண்டியிருக்கிறது, தூக்கினால் தோள் வலிக்கிறது என்று குறைப்படுகின்றனர். ஆண்டவர் இரண்டே முறை பேசுகிறார். கொடுமையைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் கூறாமலே கொடுமை கண்முன் நிற்கிறது.

மொழிநடையிலும் நமக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' செய்யுள் நாடகமாக வெளிவந்த 1891ஆம் ஆண்டிலேயே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். முன்னது பெரும்பாலும் படிப்பறையில் வாழ்ந்தது; பின்னவரின் உரைநடை நாடகங்கள் மேடையில் வாழ்ந்தன. நம் நாடகங்களில் பெத்லகேமின் மேய்ப்பரும் திருமறை மொழிபெயர்ப்பின் தமிழைப் பேசுகின்றனர். 1941–42இல் டாரதி சேயர்ஸ் இயேசுவின் வாழ்வைப் பி.பி.சி. வானொலிக்குப் பன்னிரண்டு நாடகங்களாக எழுதி, சீடர்களை அன்றாட ஆங்கிலம் பேசவைத்தபோது, பக்தியுள்ளோர் பலர் கண்டனம் எழுப்பினர். நம்மிடையேயும் எழும். எழட்டும்.

மீண்டும் அந்த உவமை

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு சேகரத்தில், கெட்ட குமாரனை நான் மறுபடியும் எழுதினேன். இம்முறை தூர தேசம் இல்லை, பன்றிகளும் இல்லை. விருந்து நடக்கும் வீட்டின் வெளிப்புறம், ஒரு கதவு, மாலை நேரம். மூத்தவன் காட்டிலிருந்து வருகிறான். உள்ளே பாட்டொலி கேட்கிறது. வேலைக்காரனை அழைத்து விசாரிக்கிறான். நடந்தவையெல்லாம் அவ்வேலைக்காரன் தயங்கித் தயங்கிச் சொல்லும் விடைகளிலேயே வந்துவிடுகின்றன. பாத்திரங்கள் நால்வரே. தாளில் எழுதிக்கொண்டேன்: தந்தை விரும்புவது இரு மக்களும் ஒரே கூரையின்கீழ் உண்பது, மூத்தவன் விரும்புவது தன் உழைப்பை ஒருமுறையேனும் ஒருவர் கண்டுகொள்வது, இளையவன் விரும்புவது அண்ணன் தன்னைப் பாராதிருப்பது, வேலைக்காரன் விரும்புவது இவ்விருவரில் நாளை யார் எசமானர் என்று அறிவது.

எழுதும்போதுதான் மூத்தவனின் வழக்கு எவ்வளவு வலியது என்று கண்டேன். தந்தை ஆஸ்தியை இருவருக்கும் பங்கிட்டுவிட்டார் என்று லூக்கா தெளிவாகக் கூறுகிறார். உபாகமச் சட்டப்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு, மூன்றில் இரண்டு. இளையவன் தன் பங்கை விற்றுத் தொலைத்தான். எனவே வீட்டில் மீந்திருப்பதெல்லாம் மூத்தவனுக்கு உரியது. அடிக்கப்பட்ட கொழுத்த கன்றும் அவனுடையது. தன் பொருளை எடுத்துத் தன்னைக் கேளாமலே விருந்து வைத்திருக்கிறார்கள். அவனை அழைத்துவர ஆளும் அனுப்பவில்லை. இதனையெல்லாம் நான் அவன் வாயில் வைத்தேன். அவனது உண்மையான உழைப்பே அவனை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒத்திகையில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. மூத்தவனாக நடித்த வாலிபர், வீட்டிலும் மூத்த பிள்ளை, நான் எழுதிய நான்கு வரிகளை மறந்துவிட்டு, "எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாச்சும் குடுத்தீயளா அப்பா" என்று தம் ஊர்ப்பேச்சில் கேட்டுவிட்டு நின்றுவிட்டார். என் நான்கு வரிகளையும் அன்றே அடித்துவிட்டேன். இரண்டாவது, தந்தையாக நடித்தவர், அவனுக்கு நான் என்ன விடை சொல்வது, நீங்கள் எழுதியிருப்பது போதவில்லையே என்று முறையிட்டார். லூக்காவைத் திறந்து பார்த்தோம். தந்தை அங்கே பேசுவது மிகக் கொஞ்சம். அதையே வைத்துக்கொண்டோம்.

முடிவில்தான் எங்களுக்குள் பெரிய வாதம் எழுந்தது. மூத்தவன் உள்ளே சென்றானா இல்லையா என்பதை உவமை கூறவில்லை. தம்பி விளக்கோடு வெளியே வந்து அண்ணன் காலில் விழுவதாக ஒருவர் யோசனை கூறினார். இருவரும் தழுவிக்கொள்ள, உள்ளிருந்து பாட்டெழும்பினால் நன்றாயிருக்கும் என்றார் மற்றொருவர். எனக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. கடைசியில், தந்தை தனியே உள்ளே செல்வதாகவும், கதவைச் சாத்தாமல் விட்டுச் செல்வதாகவும், மூத்தவன் நின்ற இடத்திலேயே நிற்க விளக்கணைவதாகவும் முடித்தோம். அன்றிரவு கைதட்டல் உடனே எழவில்லை. சிறிது நேரம் ஒருவரும் எழுந்திருக்கவுமில்லை. சபைச் செயலர் மேடைக்குப் பின்னால் விரைந்து வந்து, "ஐயா, நாடகம் முடிஞ்சிதா? நான் நன்றியுரை சொல்லலாமா?" என்று கேட்டார்.

அந்த மூதாட்டி அதற்குள் காலமாகிவிட்டார். கதவை முழுவதும் திறந்து வைத்ததா, பாதி திறந்து வைத்ததா சரி என்பதில் எனக்கு இன்றும் ஐயமுண்டு. முழுவதும் திறந்தால் உள்ளேயிருக்கும் வெளிச்சம் அவன் முகத்தில் படுகிறது. பாதி திறந்தால் அவன் காலடியில் மட்டும் படுகிறது.